தெற்குப் பார்த்து நின்றவள்

செவ்வாய்க் கிரகத்தில் முந்நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் ஓடிய வெள்ளம் இந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தது ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி வாக்கில். மழை இல்லை, மேகமும் இல்லை. வெள்ளத்தில் தண்ணீரும் இல்லை. அவ்வளவு தூரம் வந்ததில் தண்ணீர் வழியிலேயே தீர்ந்துபோய், வேகம் மட்டும் மிச்சமிருந்தது. கொடியில் காய்ந்த துணி காய்ந்தபடியே இருந்தது. ஆனால் தெருவில் நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கீழே விழுந்தார்கள். பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் விழுந்தார்கள். தள்ளுவண்டியில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் விழுந்தார்கள். வாசலில் நின்று எதிர்வீட்டைப் பற்றிப் புறம் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேரும், அதை ஜன்னலருகே நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரியும் விழுந்தார்கள். நடந்துபோனவர்களை அது ஒன்றும் செய்யவில்லை. ஓடுகிறவனையும் நடக்கிறவனையும் அந்த வெள்ளம் கண்டுகொள்ளாது, நிற்கிறவனைத்தான் தள்ளும் என்பது பின்னால் தெரியவந்தது. சுவர்களில் மோதி மோதித் திரும்பியதால் ஆளுக்கொரு பக்கமாக விழுந்திருந்தார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு திசையைக் காட்டினார்கள்.

விழாமல் நின்றவர் ஒருவர்தான், வடக்கு வரிசை வீடுகளுக்கு எதிரே சலூன் வைத்திருந்தவர். அந்த நேரத்தில் அவர் கையில் சவரக்கத்தி, கத்திக்குக் கீழே ஒரு வாடிக்கையாளரின் தொண்டை. தெருவே குப்புறக் கிடக்க, அவர் மட்டும் கன்னத்தை முடித்து, மோவாய்க்குப் போய், படிகாரம் தடவி, துண்டை உதறினார். அன்று பொழுது சாய்வதற்குள் எல்லா வீட்டுத் தரையும் ஒரு நகக்கண் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. கதவு எண்கள் மங்கிப்போயின. சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோக்களில் மாப்பிள்ளை யார், மாமனார் யார் என்று தெரியாமல் போயிற்று. சலூனில் மட்டும் வெட்டிய முடி விழுந்த இடத்திலேயே கிடந்தது. ஆக, அசையாமல் நின்றால் வெள்ளம் இரண்டாகப் பிரிந்துவிடும், நிற்பவருக்குப் பின்னால் இருப்பது தப்பிக்கும் என்று தெரு முடிவு கட்டியது. சலூன்காரருக்கு அதில் பெருமைதான். கத்தியைப் பிடித்தவனுக்கு உலகம் அழிந்தாலும் கால் அசையக் கூடாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக அது இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தூங்கிக்கொண்டிருந்தவர்களின் கதை வேறு. வெள்ளம் வந்தபோது தெருவில் மூன்று உயிர்கள் தூக்கத்தில் இருந்தன. ரொட்டிக்கடைக்காரரின் மாமனார், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பூனை, அப்புறம் சலூனுக்கு நேர் எதிர்வீட்டில், அரைநாள் பள்ளிக்கூடம் முடிந்து வந்து உள்ளறையில் பாயில் படுத்திருந்த எட்டு வயதுப் பெண். மூவரும் தரையோடு தரையாகச் சேர்ந்துவிட்டார்கள். எழுந்து உட்காரலாம், பேசலாம், கையை ஆட்டலாம். இடத்தைவிட்டு எடுக்க மட்டும் முடியாது. பெண்ணை அவள் அப்பாவும் அக்கம்பக்கத்தார் நாலு பேரும் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். குன்றைத் தூக்குவது போல இருந்தது என்றார்கள். பாயைக் கிழித்தார்கள், தரையைக் கொத்தினார்கள். மருத்துவர் வந்து முட்டியைத் தட்டிப் பார்த்து, குழந்தைக்கு நோய் எதுவுமில்லை, நிலமாகிவிட்டாள், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். வெள்ளத்துக்குள் இருப்பவர்களுக்குப் பசி, தாகம், மற்ற உபாதைகள் எதுவும் வரவில்லை, அந்த மட்டில் நிம்மதி. வீட்டாருக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். வெள்ளம் நிற்கவில்லை, தரை நாளுக்கு நாள் தேய்கிறது. பெண் தரையாகிவிட்டாள். அவளைத் தேய விடக் கூடாது.

பெண்ணின் அப்பாவைத் தெருவில் செவ்வாய்க்காரர் என்பார்கள். செவ்வாயைச் சுற்றும் ஒரு விண்கலம் எடுத்து அனுப்பும் படங்களில் மேடு எது, பள்ளம் எது, பழைய வாய்க்கால் எது என்று கோடு போட்டுப் பிரிப்பது அவர் வேலை. இருபது வருடமாக ஒரே நாற்காலி, ஒரே திரை. அவர் சொல்லித்தான் தெருவுக்கு விஷயம் விளங்கியது. அந்தக் கிரகத்தில் ஒரு காலத்தில் மண்ணுக்கு அடியில் தண்ணீர் அடைபட்டுக் கிடந்தது. மேலே உறைபனி மூடி போட்டு இறுக்கியிருந்தது. எத்தனை காலம்தான் பொறுக்கும், ஒரு நாள் மூடி வெடித்தது. உள்ளே இருந்த தண்ணீர் வெளியேறியதும் மேல்தரையைத் தாங்க எதுவும் இல்லாமல் அது பாளம் பாளமாக இடிந்து உள்ளே விழுந்தது. அந்தக் குழியிலிருந்து கிளம்பிய வெள்ளம், நம் ஊர்களில் ஓடும் எல்லா ஆறுகளையும் சேர்த்தாலும் ஈடாகாத வெள்ளம், சில வாரங்களிலோ மாதங்களிலோ ஒரு தேசம் அகலத்துக்குப் பள்ளத்தாக்குகளைத் தோண்டிவிட்டுப் போய்விட்டது. வழியில் குன்று ஒன்று நின்றால் அதைச் சுற்றி இரண்டாகப் பிரியும். குன்றின் முதுகுக்குப் பின்னால் மீன் வால் போலக் கூம்பிய நிலம் மட்டும் தப்பிக்கும். தலை இருப்பது வெள்ளம் வந்த பக்கம், வால் இருப்பது போன பக்கம். அப்படிப்பட்ட தீவுகளை அவர் நூற்றுக்கணக்கில் வரைந்திருந்தார். அவ்வளவு தண்ணீர் ஓடியும் அங்கே ஒரு புல் முளைத்ததாகத் தடயமில்லை, ஒருவர் ஒரு வாய் குடித்ததாகவும் இல்லை. போன தண்ணீர் எங்கே போயிற்று என்று அவருடைய ஆபீஸில் சண்டையே நடக்கும். அதில் கொஞ்சம் இந்தப் பக்கமாகக் கிளம்பியிருந்தது என்பது அந்த வியாழக்கிழமைதான் தெரிந்தது. செவ்வாயிலிருந்து வருவது இரண்டு நாள் முன்னாலேயே வந்திருக்க வேண்டாமா என்று சலூன்காரர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

பெண்ணுக்கு முன்னால் ஒருவர் நிற்க வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. முன்னால் என்றால் எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. இதற்குள் நகராட்சி ஒரு சிறு விமானத்தை விட்டு மேலிருந்து தெருவைப் படம் பிடித்திருந்தது. அதில் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி, சாப்பாட்டு மேசையில் விரித்து, செவ்வாய்க்காரர் குனிந்தார். தெருவுக்கு வடக்கே, பூட்டிக்கிடந்த பழைய கிடங்கின் வளாகத்தில் மேடு ஒன்று தட்டுப்பட்டது. தெற்கே, பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் குழி ஒன்று தட்டுப்பட்டது. இரண்டும் ஒரு சாண் உயரம், ஒரு சாண் ஆழத்துக்கு மேல் இருக்காது. ஆனால் அவருக்கு அது போதும். வெள்ளம் பிறந்த இடத்தில் நிலம் குழியும், அடங்குகிற இடத்தில் மண் குவியும். எனவே வெள்ளம் தெற்கே பிறந்து வடக்கே போகிறது என்று விரலால் கோடிழுத்துக் காட்டினார். தெரு முழுவதும் அதைக் கேட்டுக்கொண்டது. இருபது வருட அனுபவம் சும்மாவா?

நடந்தது இதுதான். அவர் பார்க்கும் விண்கலம் அந்தக் கிரகத்தின் ஒவ்வொரு இடத்தையும் அங்கே பிற்பகலாக இருக்கும்போதுதான் கடந்துபோகும். ஆகவே அவர் மேசைக்கு வந்த எல்லாப் படத்திலும் வெயில் இடது பக்கத்திலிருந்து விழும். இடது பக்கம் வெளிச்சமாக இருந்தால் மேடு, இருட்டாக இருந்தால் பள்ளம். இருபது வருடத்தில் அவர் கண்ணுக்கு வேறு வெயிலே தெரியாது. நகராட்சியின் விமானம் பறந்ததோ காலை ஏழு மணிக்கு. அந்தப் படத்தில் வெயில் வலது பக்கத்திலிருந்து விழுந்திருந்தது. அவர் மேடு என்றது குழி, குழி என்றது மேடு. தினமும் அதே காலை வெயிலில்தான் அவர் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம். கிடங்கின் சுவரேறிக் குதித்து ஒரு தடவை காலால் மிதித்துப் பார்த்திருந்தால் குழி காலில் பட்டிருக்கும். படம் பார்க்கத் தெரிந்தவர் எதற்குச் சுவரேறிக் குதிக்கப் போகிறார்?

நிற்பதற்கு அம்மா முன்வந்தாள். அவளுக்கு நிற்கத் தெரியும். பெரிய ஜவுளிக்கடை ஒன்றில், சேலைப் பிரிவில், பதினைந்து வருடமாக விற்பனைப் பெண்ணாக இருந்தாள். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் கால் மடங்கும். அந்தக் கடையில் விற்கிறவர்களுக்கு உட்கார நாற்காலி கிடையாது. சாய்ந்தால்கூட மேற்பார்வையாளர் பின்னால் வந்து தொண்டையைக் கனைப்பார். சிரித்துக்கொண்டே நிற்பது, நின்றுகொண்டே தூங்குவது, தூங்கிக்கொண்டே சேலை மடிப்பது எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. உள்ளறைக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள நிலைவாசலில், பெண்ணுக்கு முதுகைக் காட்டி, தெற்கே தெருவைப் பார்த்து நின்றாள். விழவில்லை. வேறு வீடுகளில் நின்று பார்த்த ஆண்பிள்ளைகள் எல்லாம் சுருண்டு விழுந்தார்கள், ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் தவிர. அவர் தன் மாமனாருக்குத் தெற்கே நின்றார், கல்தூண் மாதிரி நின்றார். அம்மாவுக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் வந்தது. இத்தனை வருடம் நின்றதற்கு இப்போதுதான் அர்த்தம் கிடைத்தது என்று நினைத்தாள். வேலைக்கு வரவில்லையே என்று கேட்க வந்த மேற்பார்வையாளர் வாசலுக்குப் பக்கவாட்டில் நின்று எட்டிப் பார்த்து, ஒரு நாளாவது கடையில் இவ்வளவு விறைப்பாக நின்றிருப்பாயா என்று சொல்லி முடிப்பதற்குள் விழுந்தார்.

வருடங்கள் போயின. நகர்ந்தால் வெள்ளம் புகுந்துவிடும் என்று அம்மா இடத்தைவிட்டு நகரவில்லை, திரும்பவும் இல்லை. பெண் அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தாள். உடம்பு வளரவில்லை, நிலம் எங்கே வளரும்? ஆனால் அறிவு வளர்ந்தது. அப்பா மாலையில் கணக்கும் பாடமும் சொல்லிக்கொடுத்தார். பகலில் பேச்சுத் துணை அந்த முதுகுதான். ரவிக்கையில் எந்த இடத்தில் தையல் விட்டிருக்கிறது, பின்கழுத்தில் நரை எப்போது ஆரம்பித்தது, பொய் சொல்லும்போது எந்தத் தோள் தூக்குகிறது எல்லாம் அவளுக்குத் தெரியும். இருவருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. பெண் வாடிக்கையாளராகி, கல்யாணத்துக்கு ஒரு சேலை வேண்டும் என்பாள். அம்மா திரும்பாமலே, இல்லாத அலமாரியிலிருந்து இல்லாத சேலைகளை எடுத்துப் போடுவாள். இது வேண்டாம், அந்த நிறம் எடுப்பாக இல்லை, கரை சின்னது என்று பெண் எல்லாவற்றையும் தள்ளுவாள். மத்தியானம் முழுவதும் புரட்டிப் போட்டுவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிடுவாள். கடையில் அப்படிச் சொன்னவர்கள் மேல் வந்த எரிச்சல் அம்மாவுக்கு இங்கே வரவில்லை.

பெண் தேய்ந்துகொண்டிருந்தாள். முதலில் முட்டியில் இருந்த பழைய தழும்பு மழுங்கியது. பிறகு விரல் ரேகைகள் போயின. காது மடல்களின் வளைவுகள் ஒன்றோடொன்று கலந்தன. ஆற்றில் கிடந்த கூழாங்கல் போல மூக்கு உருண்டது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. செவ்வாய்க்காரர் பார்த்துவிட்டு, என் அம்மா வழியில் எல்லோருக்கும் சின்ன மூக்குதான் என்றார். பெண்ணுக்கு வடக்கே இருந்த சமையலறைத் தரை ஒரு முழம் இறங்கி, பின்சுவர் ஓட்டை விழுந்து, கடைசியில் இல்லாமலே போனது. வால் முடிகிற இடத்தில் பிரிந்த இரண்டு பக்கமும் சேர்ந்து மோதும், அங்கே அப்படித்தான் அரிக்கும் என்று அதற்கும் விளக்கம் சொன்னார். பெண்ணின் தலைமுடி எந்நேரமும் அம்மா பக்கமாகவே பறந்தது. மின்விசிறிக் காற்று என்றார். அது ஓடாதபோதும் பறந்தது. தெரிந்தவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தெரியும், அதுதான் தெரிந்தவர்களோடு உள்ள சங்கடம். மூன்றாம் வருடம் ரொட்டிக்கடைக்காரரின் மாமனார் முழுசாகத் தேய்ந்து தீர்ந்துபோனார், வயதான மண் தாங்கவில்லை. மறுநாளே கல்தூணாக நின்ற மருமகன் சுருண்டு விழுந்தார். மாமனார் மேல் அவ்வளவு பிரியமா, துக்கத்தில் கால் தளர்ந்துவிட்டதே என்று தெரு உச்சுக்கொட்டியது. அவர்கள் இருவரும் பேசி எத்தனையோ வருடமாகியிருந்தது என்பதை நாகரிகம் கருதி எல்லோரும் மறந்துவிட்டார்கள். பூனை எப்போது தீர்ந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

எட்டாம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், வடக்கே பழைய கிடங்கு தரைக்குள் இறங்கியது. கட்டிய ஒப்பந்தக்காரரைத் திட்டிக்கொண்டே தெரு வேடிக்கை பார்க்கப் போனது. செவ்வாய்க்காரரும் போனார். சுவர் விழுந்த இடைவெளியில் எட்டிப் பார்த்தவர் அப்படியே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். பெரிய பள்ளம். அதற்குள் தரை பாளம் பாளமாக உடைந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது. இருபத்தெட்டு வருடமாக அவர் கோடு போட்டுப் பிரித்த அதே இடம், வெள்ளம் பிறக்கும் இடம். உச்சி வெயில். எந்தப் பக்கமும் நிழல் விழவில்லை. குழி குழியாகவே தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அவர் அதைக் குடித்துவிட்டு, குவளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தார்.

கூடத்தில் மனைவிக்கு எதிரே வந்து நின்றார். அவள் முகத்தை வீட்டில் பார்க்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

"தப்பாச் சொல்லிட்டேன்," என்றார்.

"எதை?"

"திசைய. அது வடக்கேருந்து வருது. முதல் நாள்லேருந்தே வடக்கேருந்துதான் வருது. நீ பிள்ளைக்குப் பின்னால நிக்கிற."

அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் வந்தது. குரலும் அதற்குள் மெலிந்து நூலாகியிருந்தது.

"எனக்குத் தெரியும்ப்பா."

"எப்போலேருந்து?"

"ரொம்ப நாளா. என் மேலதானே மோதுது."

"ஏன்டி சொல்லல?" அம்மா திரும்பாமலே கேட்டாள். எந்தத் தோளும் தூக்கவில்லை.

"சொன்னா நீ இந்தப் பக்கம் வந்து நிப்ப. நின்னா விழுந்துடுவம்மா."

எட்டு வருடத்துக்குப் பிறகு அம்மா திரும்பினாள். பெண்ணுக்குப் பதினாறு வயது. முகம் இருந்த இடத்தில் வழவழப்பான ஒரு வளைவு இருந்தது. கண்கள் இரண்டும் மேலோட்டமான இரண்டு குழிகளாக இருந்தன, புருவம் இல்லை, வாய் ஒரு கோடு. இடுப்புக்குக் கீழே எது கால், எது தரை என்று பிரிக்க முடியவில்லை. தன் வயிற்றில் பிறந்ததைத் தானே அடையாளம் காண முடியாத துக்கத்துக்கு இந்தத் தெருவில் அதுவரை பெயர் இருக்கவில்லை, இப்போதும் இல்லை. அவள் அழவில்லை. கடையில் கூட்டம் நெரிக்கும்போது செய்வது போலச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெண்ணைச் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கம் நடந்தாள். நடக்கும்வரை ஒன்றும் ஆகவில்லை. பெண்ணுக்கு முன்னால் போய், பதினைந்து வருடம் கடையிலும் எட்டு வருடம் வீட்டிலும் நின்ற அந்தக் கால்களை ஊன்றி நின்றாள். ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. வெள்ளம் அவளைத் தூக்கி, உள்ளறை தாண்டி, கூடம் தாண்டி, தெருவில் கொண்டுபோய்ப் போட்டது.

எழுந்து வந்து மறுபடி நின்றாள். மறுபடி தெருவில் கிடந்தாள். மூன்றாம் முறை சலூன்காரர் வந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டார். அவருக்கு அப்போதுதான் புரிந்தது. அவருடைய கடை அந்த வீட்டுக்கு நேர் தெற்கே இருந்தது. முதல் நாள் அவரை விழாமல் நிறுத்தியது கத்தியுமில்லை, கவனமுமில்லை. எதிர்வீட்டில் பாயில் படுத்திருந்த ஒரு குழந்தையின் வால் நிலத்தில்தான் அத்தனை வருடமும் அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். அம்மா நின்றதும் அதில்தான். அவள் யாரையும் காக்கவில்லை. அவளைத்தான் காத்துக்கொண்டிருந்தாள் அந்தப் பெண், எட்டு வயதிலிருந்து, உட்கார்ந்த இடத்திலிருந்து, தேய்ந்துகொண்டே. சலூன்காரர் அன்று கடையைச் சாத்திவிட்டார். அதன் பிறகு அவர் கால் அசையாத கதையை யாரிடமும் சொல்லிக் கேட்டதில்லை.

முழங்கையெல்லாம் சிராய்த்து, நாலாம் முறையாக வாசலில் ஏறியவளைப் பெண் நிறுத்தினாள்.

"போதும்மா. நீ முன்ன நின்ன இடத்துலயே நில்லு. அங்க ஒண்ணும் ஆகாது."

"உனக்கு?"

"நீ விழுந்தா மட்டும் எனக்கு என்ன ஆகப்போகுது? இங்க பாத்து நில்லு, போதும்."

அம்மா பழைய இடத்துக்கே போய் நின்றாள். இந்தத் தடவை வடக்குப் பார்த்து, பெண்ணைப் பார்த்து. எதற்கும் பயனில்லாத நிலை அது. நகர்ந்திருந்தாலும் பெண்ணுக்கு ஒன்றுதான், நின்றாலும் ஒன்றுதான். ஆனால் நின்றாள். சேலை விளையாட்டு தொடர்ந்தது. முகம் பார்த்து விற்கும்போது வியாபாரம் இன்னும் கடினம், வாடிக்கையாளருக்குப் பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அந்த முகத்தில் ஒன்றும் மிச்சமில்லை. ஒரு நாள் பெண் ஒரு சேலையைத் தள்ளாமல், சரி, இதையே கட்டிக்கொடுங்கள் என்றாள். அம்மா காற்றில் அதை மடித்து, பையில் போட்டு, கைநீட்டிக் கொடுத்தாள். பெண் வாங்கிக்கொண்டாள். அதற்கு மறுநாளிலிருந்து அவள் பேசவில்லை. அந்த வருடக் கடைசியில் கைகள் போயின, அடுத்த கோடையில் தோள்கள். நகராட்சியிலிருந்து வந்து அளந்து, வீட்டு வரைபடத்தில் அந்த அறையைத் தீவு என்று குறித்துக்கொண்டு போனார்கள். மருத்துவரும் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, நிலத்துக்கு மருந்து இல்லை என்றார்.

செவ்வாய்க்காரரை யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மனைவிகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆபீஸுக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. வேறெங்கே போவது? அங்கே இப்போதும் படத்தில் வெயில் இடது பக்கத்திலிருந்துதான் விழுகிறது, அவரும் மேட்டை மேடு என்றே குறிக்கிறார். தீவு ஒன்று வந்தால் மட்டும் அதன் தலைப் பக்கத்தை முதலில் ஒரு தடவை விரலால் தடவிவிட்டுத்தான் கோடு போடுகிறார். கிடங்குப் பள்ளம் அகன்றுகொண்டே போகிறது. வெள்ளம் எப்போது நிற்கும் என்று கேட்பவர்களிடம், அங்கே நின்றுவிட்டது, இங்கே தெரியவில்லை என்கிறார்.

தினமும் மாலை ஐந்தரைக்கு அவர் வீடு திரும்புவார். செருப்பைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு, பின்சுவர் இருந்த இடத்துக்கு நடந்துபோய், பெண்ணுக்கு முன்னால் நிற்பார். பெண் இப்போது வாசற்படி உயரம்தான் இருக்கிறாள். அவர் நிற்பது ஒரு தும்மல் போடும் நேரம். அந்த நேரத்துக்கு அவள் தேய்வதில்லை. பிறகு வெள்ளம் அவரைத் தூக்கும். தீவின் ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டு, கூடத்தின் வழியாக, வாசல் வழியாக, தெருவைக் கடந்து, சலூனை ஒட்டிய சந்துக்குள் புகுந்து பணிமனை வரை கொண்டுபோய் விடும். சில நாள் இடது பக்கம், சில நாள் வலது பக்கம், அது அவர் எப்படிக் காலூன்றுகிறார் என்பதைப் பொறுத்தது. முதல் நாள் வெறுங்காலோடு பணிமனையின் ஜல்லிக்கல்லில் நடந்து திரும்பியதில் பாதம் கிழிந்து ஒரு வாரம் நொண்டினார். அதனால் இப்போதெல்லாம், அவர் மிதந்து தன்னைக் கடக்கும்போது மனைவி செருப்பை நீட்டுகிறாள், அவர் வாங்கிக்கொண்டு போகிறார். இதுவரை ஒரு தடவையும் கை தவறியதில்லை.